டத்தோவுக்கு எட்டு படைத்தோம்

கோலசிலாங்கூர் ஆற்றங்கரைக்குப் பக்கத்தில், ஐஸ் போட்ட தேங்காய்ப்பால் இனிப்பு விற்கும் ஒரு செண்டோல் கடை. கால் ஆடும் மேசை, அதன்மேல் ஒரே ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள் இரண்டு கரண்டி. எதிரில் என் தோழி ரோஸ்மேரி. மோட்டாரில் வந்ததால் அவள் முடி நாலா பக்கமும் விறைத்துக்கொண்டு நிற்கிறது. நான் அழுதுகொண்டிருக்கிறேன்.

“சாப்பிடுடி, ஐஸ் கரையுது.”

“பசிக்கல.”

“செண்டோலுக்கு எதுக்குப் பசி? இது என்னா, சோறா?”

பக்கத்து மேசையில் ஒரு குடும்பம். அந்த வீட்டு அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை போலும், எழுந்து வந்து என் தோளைத் தொட்டார்.

“யாரும் தவறிட்டாங்களாம்மா?”

“ஆமாங்க. டத்தோ தவறிட்டாரு,” என்று முந்திக்கொண்டாள் ரோஸ்மேரி.

பட்டம் வாங்கிய பெரிய மனிதர் யாரோ என்று நினைத்து அந்த அம்மா நெஞ்சில் கை வைத்தார். “ஐயையோ, எந்த டத்தோ?”

“எங்க வீட்டு ஆடுங்க,” என்றேன்.

அந்த அம்மா தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு போன வேகத்தைப் பார்த்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரோஸ்மேரி அதற்காகவே காத்திருந்தவள் மாதிரி ஒரு கரண்டி செண்டோலை என் வாய்க்குள் தள்ளினாள்.

போன வாரம் இந்தப் பத்தியில், நான் ஓட்டும் ஸ்கூல் வேனின் கியர்பாக்ஸ் போன கதையை எழுதியிருந்தேன். படித்த சிலர், “அப்புறம் எப்படிக்கா சமாளிச்சீங்க?” என்று கேட்டார்கள். சமாளிக்கவில்லை என்பதுதான் உண்மை. வேன் பட்டறையில் கிடந்த அந்த நாட்களில்தான் டத்தோவும் போனார்.

சாமி வேண்டாம் என்றவர்

டத்தோ எங்கள் வீட்டுக்கு வளர்ப்புப் பிராணியாக வந்தவர் இல்லை. முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட கிடா.

என் வீட்டுக்காரர் லோரியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு படுத்திருந்தபோது, அவர் எழுந்து நடந்தால் கிடா வெட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். நடந்தார். ஒரு குட்டியை வாங்கி வளர்த்து, பழைய எஸ்டேட்டில் செம்பனை மரங்களுக்கு நடுவில் இருக்கும் கோயிலுக்குத் திருவிழாவன்று கூட்டிக்கொண்டு போனோம். என் மகள் அப்போது தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. வழியெல்லாம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்டிடம் பேசிக்கொண்டே வந்தாள். நான் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தேன்.

எங்கள் கோயிலில் கிடாயை அப்படியே வெட்டிவிட மாட்டார்கள். மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து நிறுத்துவார்கள். ஆடு உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். உதறினால்தான் சாமி ஒத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

பூசாரி தெளித்தார். இவர் அசையவில்லை. மறுபடி தெளித்தார். இவர் கழுத்து மாலையிலிருந்து ஒரு செவ்வந்தியை எட்டிப் பிடித்து மெல்ல ஆரம்பித்தார். சொம்புத் தண்ணீரை முதுகில் கவிழ்த்தார்கள். கடைசியில் வாளியோடு ஊற்றினார்கள். பக்கத்தில் நின்ற நாங்கள் எல்லாரும் நனைந்து உதறிக்கொண்டோம், அவர் மட்டும் உதறவில்லை. மேளக்காரர்கள் கை ஓய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

“சாமி வேணாங்குறாரும்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ,” என்றார் பூசாரி.

அன்று முனியாண்டிக்குச் சேவல். டத்தோவுக்கு வீடு.

பெயர் வைத்தது என் வீட்டுக்காரர். வெள்ளைத் தாடி, முன்னால் தள்ளிய வயிறு, அவசரமே இல்லாத நடை. கூப்பிட்டால் உடனே வர மாட்டார். எங்கள் தாமான் குடியிருப்பில் கல்யாணப் பந்தல் போட்டால் முன்வரிசையில் போய் நிற்பார். இப்படிப்பட்டவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? பத்தாங் பெர்ஜுந்தாயில் எங்கள் தாமானுக்கு வழி கேட்டால், “டத்தோ வீட்டுப் பக்கமா?” என்று கேட்கும் அளவுக்குப் பிரபலம். ஊர்ப் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. எங்கள் வாயில் இன்னும் பத்தாங்தான்.

என் வாய்

இங்கே என் வாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

ஒரு தீபாவளி மறுநாள், தெருவே சேர்ந்து டத்தோவுக்கு மிச்சச் சோறும் முறுக்கும் அதிரசமும் போட்டது. வயிறு உப்பி, மூச்சு வாங்கி, ஆள் போய்விடுவார் என்று ஆகிவிட்டது. வாயில் எண்ணெய் ஊற்றி, தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நானும் என் வீட்டுக்காரரும் நடத்திக்கொண்டே இருந்தோம். பிழைத்துக்கொண்டார்.

அவர் பிழைத்ததும் நான் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்றேன். “இனிமே எவனாச்சும் என் ஆட்டுக்கு ஏதாச்சும் போட்டீங்க, அப்புறம் நடக்கிறதே வேற!” என்று நான் போட்ட சத்தத்தில் மளிகைக் கடைச் சீன முதலாளி, எங்கள் டவுக்கே, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டதாகச் சொல்வார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று பாகுபாடு இல்லாமல் எல்லாருக்கும் ஒரே ஏச்சு. அதன் பிறகு ஒருவரும் டத்தோவுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலி பேசின்

வேன் நின்றதும் பிள்ளைகளை வேறொரு வேன்காரரிடம் விட வேண்டியதாயிற்று. அதே சமயம் புக்கிட் பெருந்துங் தொழிற்சாலையில் பாதுகாவலராக இருக்கும் என் வீட்டுக்காரருக்கு ஓவர்டைமை நிறுத்தினார்கள். வீட்டில் எதை நிறுத்தலாம் என்று பார்த்தபோது, வாய் திறந்து கேட்காத ஆள் ஒருவர்தான் இருந்தார்.

டத்தோவுக்கு மூட்டைத் தீவனம் வாங்குவோம். அதைப் பாதியாகக் குறைத்தேன். பிறகு அடியோடு நிறுத்தினேன். அரிவாளை எடுத்துக்கொண்டு கால்வாய் ஓரம் புல் அறுத்துவந்து போட்டேன், பலா இலை ஒடித்துப் போட்டேன். அவர் புல்லை முகர்ந்து பார்ப்பார், தீவனம் போடும் பேசின் காலியாகக் கிடப்பதைப் பார்ப்பார், என்னை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்தேன். அந்தப் பார்வை என்னைக் கொன்றது.

இதை யாரிடமும் சொல்லவில்லை. ரோஸ்மேரியிடம்கூட. எங்களுக்குள் பெலாஞ்சா உண்டு. ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கிக் கொடுப்பது. எஸ்டேட் பள்ளியில் ஐஸ் குச்சி வாங்கிய காலத்திலிருந்து முறை தவறியதில்லை. என் முறை வந்தபோது கையில் காசில்லை. தலைவலி என்றேன், மழை வருகிறது என்றேன், வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றேன். மாப்பிள்ளை தேடுகிற வீடு மாதிரி வாராவாரம் எங்கள் வீட்டுக்கு ஆள் வந்தார்கள்.

ஒரு காலையில் கொட்டகைக்குப் போனேன். டத்தோ கால்களை மடித்து, தாடியைத் தரையில் வைத்துப் படுத்திருந்தார். கூப்பிட்டேன். வழக்கம்போல வரவில்லை.

என் வீட்டுக்காரரும் பூசாரியும் கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தார்கள். பூசாரி இப்போது எங்கள் தெருவிலேயே, மகன் வீட்டில் இருக்கிறார். விஷயம் கேட்டு வந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம் கேட்ட கேள்வி, “கறி போடலையா?” மீதிப் பேர் அதை மனசுக்குள் கேட்டார்கள்.

“எட்டு படைப்போம்”

ரோஸ்மேரி எங்கள் தெருக்காரி, தடிக்கா என்கிற பாலர் பள்ளியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள். அழுகிற பிள்ளையைக் கேட்டுக்கொண்டு தூக்க மாட்டாள், தூக்கிவிட்டுத்தான் கேட்பாள். அப்படித்தான் என்னை மோட்டாரில் ஏற்றிக் கோலசிலாங்கூருக்குக் கொண்டுவந்தாள். கிண்ணம் பாதி காலியானதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“பசியிலயே போயிட்டாருடி. நான்தான் சாப்பாட்ட நிப்பாட்டினேன். என்னையே பார்ப்பாரு. பேசின பார்ப்பாரு, என்னைய பார்ப்பாரு…”

அவள் கரண்டியை வாயில் வைத்தபடியே இருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு கிண்ணத்தின் அடியில் கிடந்த சிவப்பு அவரையைத் தேடித் தேடித் தின்றாள். நான் சொன்னது அவளுக்கு அருவருப்பாக இருக்கிறது என்று நினைத்தேன்.

“அவருக்கு எட்டு படைப்போம்,” என்றாள் திடீரென்று.

“என்னாது?”

“எட்டாம் நாள் படையல்லா. உங்க வீட்ல ஆளு தவறுனா பிடிச்சதெல்லாம் செஞ்சு வச்சுக் கும்பிடுவீங்கள்ல, அது.”

“நீ சர்ச்சுக்குப் போறவ. ஒனக்கு எதுக்குடி எட்டு?”

“நானா கேக்குறேன்? டத்தோ உங்க ஆளு. உங்க வழக்கத்துலதான் செய்யணும்.”

“கையில காசில்ல, ரோசி.” இதைச் சொல்ல எனக்கு அவ்வளவு நாளாகியிருந்தது.

“தெரியும். வாராவாரம் வீட்டுக்கு ஆள் வர்ற அளவுக்கு நீ நல்லவ இல்ல. எல எடுத்து வை, போதும். மத்தத நான் பாத்துக்கிறேன்.”

கடைசிக் கரண்டியை எனக்குக் கொடுத்தாள். தேங்காய்ப் பாலும் கரும்பழுப்புச் சீனிப்பாகும் நன்றாகக் கலந்திருக்கும் அந்தக் கடைசிக் கரண்டியை விட்டுக்கொடுப்பது சாதாரண விஷயம் இல்லை.

படையல்

எட்டாம் நாள், வெயில் தாழ்ந்த நேரம். கொல்லையில் மண்மேட்டுக்கு முன்னால் வாழை இலை விரித்தேன். பலா இலை ஒரு கட்டு வைத்தேன். தீவன மூட்டையின் அடியை உதறிக் கிடைத்ததை ஒரு கிண்ணத்தில் வைத்தேன். அவருக்குப் பிடித்தது அவ்வளவுதான் என்று நினைத்தேன். இலை பெரிதாக இருந்தது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

முதலில் ரோஸ்மேரி வந்தாள். கையில் கேக். முந்திரியும் பழமும் போட்ட, அவள் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக்.

“எதுக்குடி கேக்கு?”

“அவருக்குப் பிடிக்கும்,” என்றாள் மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு.

“அவருக்குக் கேக்கு பிடிக்கும்னு ஒனக்கு எப்படித் தெரியும்?”

பதில் வருவதற்குள் பூசாரி வந்தார். தூக்குச் சட்டி நிறையச் சர்க்கரைப் பொங்கல். பின்னாலேயே டவுக்கே, ஜாம் தடவிய ரொட்டியோடு. தெருவில் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள், ஒருவர் உப்புமாவோடு, ஒருவர் கனிந்த பப்பாளியோடு. ஒவ்வொருவராக இலையில் வைத்துவிட்டு, பள்ளியில் வெளியே நிறுத்திய பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் கக் சித்தி. பின்வீட்டு மலாய்க்கார அக்கா, பீசாங் கோரெங் போட்டு விற்பவர். எஸ்டேட் ஓரத்தில் வளர்ந்ததால் தமிழ் நன்றாக வரும். நாங்கள் சூடம் காட்டிக் கும்பிட்டு முடிக்கும்வரை அங்கேயே நின்றார். பிறகு ஒரு தட்டை வேலிக்கு மேலே நீட்டினார். வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்தது, ஆவி பறந்தது.

“இத நீங்க எல்லாம் சாப்பிடுங்க. அவன் தெனமும் சாப்பிடுவான்,” என்றவர் ஓவென்று அழ ஆரம்பித்தார். “நான்தான் கொன்னுட்டேன் பாரு! நீ குடுக்காதன்னு சொன்ன. நான் கேக்கல. நாலு மணிக்கு வந்து வேலிய முட்டுவான். பாவமா இருக்கும். எண்ணெய்ப் பலகாரம்… அதான் செத்துட்டான்!”

“நீங்க இல்ல கக், நான்தான்,” என்றாள் ரோஸ்மேரி. “கேக்குல முட்ட, வெண்ணெய் எல்லாம் இருக்கு. எட்டு நாளா எனக்குத் தூக்கமே இல்ல.”

“பொங்கல்ல நெய் கொஞ்சம் கூடத்தான் விட்டேன்,” என்றார் பூசாரி. “சாமியே வேணாம்னு அனுப்பி வச்சவரு. அவரு வாசல்ல வந்து நின்னா நான் எப்படிம்மா வேணாம்னு சொல்ல முடியும்?”

டவுக்கே ஜாம் ரொட்டியைக் காட்டி, தன் நெஞ்சைக் காட்டி, தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு மெல்ல மெல்ல விளங்கியது. காலையில் பொங்கல், கடை திறந்ததும் ரொட்டி, நடுவில் உப்புமா, பப்பாளி, நாலு மணிக்குப் பீசாங் கோரெங், ரோஸ்மேரி வீட்டில் எப்போதும் கேக். என் ஆடு தெருவில் ஆறு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நான் பட்டினி போட்டேன் என்று செத்துப் பிழைத்த அந்த வாரங்கள் முழுக்க, மனுஷன் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து என் புல்லை முகர்ந்திருக்கிறார். கோபமில்லை. வயிற்றில் இடமில்லை.

“அப்ப பசியில போகலையா?” என்றேன்.

“பசியா?” பூசாரி சிரித்துவிட்டார். “குழிக்குள்ள எறக்க நாங்க ரெண்டு பேரும் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். உம் புருஷனுக்கு இன்னும் இடுப்பு வலி. வாயத் தொறந்து பாத்தேம்மா, பல்லெல்லாம் தேஞ்சு போச்சு. கெழம். அவரால புல்ல எங்க மெல்ல முடியும்? இவங்க குடுத்தாங்க பாரு, கேக்கு, பொங்கலு, பழம், எல்லாம் மெத்து மெத்துன்னு. அதுலதான் இவ்வளவு நாள் ஓடியிருக்கு.”

கக் சித்தி அழுகையை நிறுத்தினார். “அப்ப நான் கொல்லலையா?”

“வயசாகிப் போச்சும்மா. ஒருத்தரும் கொல்லல.”

முதலில் சிரித்தது யார் என்று நினைவில்லை. நானாகத்தான் இருக்க வேண்டும். அழுதுகொண்டே சிரித்தேன். கக் சித்தி வேலியைச் சுற்றி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார், அவர் முக்காட்டில் எண்ணெய் வாசனையும் வாழைப்பழ வாசனையும். “இத்தன பேரும் என் பேச்ச மீறியிருக்கீங்க! ஒருத்தருக்காவது பயம் இருக்கா?” என்று நான் கத்த, “பயந்துதான் பின்வாசல்ல குடுத்தோம்,” என்றாள் ரோஸ்மேரி. டவுக்கே குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் ரொட்டி ஒன்று கீழே விழுந்தது.

படையல் சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம். உப்புமாவுக்குப் பக்கத்தில் கேக், அதன்மேல் பப்பாளிச் சாறு. இப்படி ஒரு இலையில் நான் வாழ்க்கையில் சாப்பிட்டதில்லை. பலா இலையை மட்டும் யாரும் தொடவில்லை. ஷிப்டு முடிந்து வந்த என் வீட்டுக்காரர் கொல்லையில் இவ்வளவு சிரிப்பைக் கேட்டுவிட்டு, வீடு மாறி வந்துவிட்டோமோ என்று வாசலிலேயே நின்றாராம்.

அன்று நான் இரண்டு தரம் சாப்பிட்டேன். மனசு அவ்வளவு லேசாக இருந்தது. போனவர் போனவர்தான். ஆனால் பசியோடு போகவில்லை. அது போதும் எனக்கு.

மறுநாள் நாலு மணி

மறுநாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வேன் இன்னும் பட்டறையில்தான். மதியத்துக்கு ரசம் மட்டும் வைத்திருந்தேன். என் வீட்டுக்காரருக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, நான் அப்புறம் சாப்பிடுவதாகச் சொல்லியிருந்தேன்.

வேலிப் பக்கம் சத்தம் கேட்டது. கக் சித்தி தட்டோடு வந்து நின்றுகொண்டிருந்தார். கால் பழக்கத்தில் கொண்டுவந்துவிட்டது. வேலி ஓரம் காலியாக இருப்பதைப் பார்த்ததும்தான் அவருக்கு உறைத்தது. தட்டைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார்.

“டத்தோ இல்லையே பாரு,” என்றார்.

நான் துணியை வாளியில் போட்டுவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வேலியருகே போனேன்.

“எனக்குப் பசிக்குது கக்,” என்றேன்.